கண்ணில் வாயுக் குமிழோடு 1,700 கிலோமீட்டர்: ரயிலா, விமானமா? ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே நாட்டுக்குள் தொலைதூரம் போவதற்கு ரயிலா விமானமா என்று யோசிக்கும்போது நேரத்தையும் செலவையும்தான் முதலில் பார்க்கிறோம். இங்கே பதிவு செய்யும் நிகழ்வில் அவை இரண்டும் பின்னுக்குப் போய்விட்டன. முடிவைத் தீர்மானித்தது காற்றழுத்தம். ஒரு கண் மருத்துவமனையில், டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிகளுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். அதனால் இந்தக் குடும்பம் எடுத்த முடிவுகளை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. நோயாளியும் அவர் மகளும் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

பின்னணி

நோயாளிக்கு வயது 58. பள்ளிப் பருவத்திலிருந்தே கிட்டப்பார்வை, அதுவும் அதிக பவர். கடலோர நகரம் ஒன்றில் வசிக்கும் அக்காவைப் பார்க்க விமானத்தில் வந்திருந்தார். சொந்த வீடு அங்கிருந்து 1,700 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர். விமானத்தில் 2 மணி 20 நிமிடம்தான். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் மனைவி. அவருக்கு வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வருவது கணவர்தான். அவர் ஊரில் இல்லாத நாட்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பின்னால் எடுத்த எல்லா முடிவுகளிலும் இந்த ஒரு விஷயம் அழுத்திக்கொண்டே இருந்தது.

வந்து சில நாட்களில் வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்திருக்கிறது. மறுநாள் கரித்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். அதற்கும் மறுநாள் காலை, மூக்குப் பக்கம் கீழேயிருந்து நிழல் ஏறத் தொடங்கியது. அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். விழித்திரை விலகல். இரண்டு இடங்களில் கிழிசல், ஒன்று மேலே, மற்றொன்று கீழே. நுட்பமான பார்வைக்கு உரிய நடுப்பகுதியான மாக்குலா மட்டும் இன்னும் விலகாமல் இருந்தது. அது விலகுவதற்குள் செய்தால்தான் பார்வை நன்றாகத் திரும்பும் என்பதால் அன்று மாலையே அறுவை சிகிச்சை.

விமானத்தில் வந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அக்கா மிகவும் வருந்தினார். அப்படி இல்லை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து பிரியும். பிரியும்போது சிலருக்கு விழித்திரையைக் கிழித்துவிடுகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். வீட்டிலேயே இருந்திருந்தாலும் இது வந்திருக்கக்கூடும். விமானப் பயணம் ஆபத்தாக மாறியது அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான்.

அறுவை சிகிச்சையும் குமிழும்

விட்ரியஸை அகற்றி, விழித்திரையை அதன் இடத்தில் படிய வைத்து, கிழிசல்களைச் சுற்றி லேசர் போட்டார் மருத்துவர். லேசர் தழும்பு கெட்டிப்படும்வரை விழித்திரையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்காகக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்.

இதற்குப் பயன்படும் வாயுக்களில் இரண்டு முக்கியமானவை. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு சுமார் இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். பெர்ஃப்ளூரோபுரோப்பேன் ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். இவருக்குக் கீழேயும் ஒரு கிழிசல் இருந்தது. வாயு எப்போதும் மேல்நோக்கி மிதப்பதால் கீழ்க் கிழிசலைத் தாங்குவது கடினம். அதனால் நீண்ட நாள் நிற்கும் வாயுவை 14% செறிவில் செலுத்தினார்கள். வாயுவுக்குப் பதிலாகச் சிலிகான் ஆயில் நிரப்புவதும் உண்டு. ஆயில் உயரத்தில் விரியாது என்பதால் அதை வைத்திருப்பவர் விமானம் ஏறலாம். ஆனால் அதைப் பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, விமானப் பயணம் கூடாது, மயக்க மருந்தாக நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. நைட்ரஸ் ஆக்ஸைடு ரத்தத்தின் வழியே குமிழுக்குள் வேகமாகப் புகுந்து அதைப் பெரிதாக்கிவிடும். விபத்தில் சிக்கி வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாலும் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பட்டை. குமிழ் முழுதாகக் கரையும்வரை கழற்றக் கூடாது.

அனுமதிப் படிவத்தில் முகவரி என்ற இடத்தில் அக்கா வீட்டு முகவரியை எழுதியிருந்தார்கள். அந்த அவசரத்தில் அதுதான் இயல்பாக வந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்த எல்லோரும் நோயாளி உள்ளூர்க்காரர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ‘வீடு எங்கே, எப்படிப் போவீர்கள்’ என்ற கேள்வியே எழவில்லை.

3 முதல் 5-ஆம் நாள் வரை: மூன்று இடங்களில் மூன்று பதில்

முதல் வாரம் பெரும்பாலும் முகத்தைக் கீழே கவிழ்த்தபடி இருக்கச் சொல்லியிருந்தார்கள். அறுவை சிகிச்சை அன்று இரவே மகள் வந்துவிட்டார். அப்பா கவிழ்ந்து கிடக்க, போன் பேசி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தது அவர்தான்.

3-ஆம் நாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதால் அடுத்த வாரமே விமானத்தில் வீடு திரும்ப ஏற்பாடு செய்கிறோம், முன் வரிசையில் இருக்கையும் வாங்கித் தருகிறோம் என்றார்கள். அக்கறையோடு செய்த ஏற்பாடுதான் அது. பழைய டிக்கெட்டின் தேதியை மாற்ற மகள் விமான நிறுவனத்தை அழைத்தார். கண் அறுவை சிகிச்சை என்றதும், ஒரு வாரம் கழிந்திருந்தால் போதும், மருத்துவர் கடிதம் ஒன்று கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. பொதுவாகக் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கண்புரைக்காகச் செய்துகொண்டவர்கள். அவர்கள் கண்ணில் வாயு இல்லை. அவர்களுக்கு அந்தப் பதில் சரிதான்.

மகள் தேதியை மாற்றி முடித்துவிட்டு, அப்பாவுக்குச் சொட்டு மருந்து போட உட்கார்ந்திருக்கிறார். கவிழ்ந்து படுத்திருந்தவரின் கை கட்டில் விளிம்பில் தொங்கியது. பட்டையின் எழுத்துகள் மகளின் கண்முன்னே இருந்தன. மறுநாள் காலையில் பட்டையைப் படமெடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். “நான் யாரை நம்பணும்? அவங்க ஒரு வாரம்ங்கறாங்க, இது போகவே கூடாதுங்குது” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு அவர் வந்தது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆறுதல். இரண்டு பதில்கள் முரணாக இருக்கும்போது வசதியான பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவது எளிது. வீட்டில் மனைவி காத்திருக்கும் நிலையில் அப்படிச் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

முதல் முடிவு: விமானம் கிடையாது

5-ஆம் நாள் மருத்துவர், மகள், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். மருத்துவர் ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டினார். அதை இங்கே முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் மனதில் நிற்காதது, கணக்காகச் சொன்னால் நிற்கிறது.

வெப்பம் மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு அல்ல. உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாகலாம். கடல்மட்ட அழுத்தத்தில் அது முக்கால் பங்குதான். அங்கே வாயு மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும்.

கண்ணின் உட்பகுதி சுமார் 4 மில்லி கொள்ளும். அதில் 2.5 மில்லி வாயு இருந்தால் கூடுதலாக 0.8 மில்லிக்கு மேல் இடம் தேவை. கண்ணின் வெளிச்சுவர் ரப்பர் பந்துபோல் நீளாது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வீதம்தான் வெளியேறுகிறது, மணிக்கு 0.12 முதல் 0.18 மில்லி. விமானம் மேலேறுவதோ அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீர் வெளியேறி இடம் தருவதற்குள் கண் அழுத்தம் எகிறும். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அழுந்தி அடைபட்டால் அந்தப் பார்வை திரும்ப வராது. தாங்க முடியாத வலி வேறு.

மகள் நன்றாகக் கேள்வி கேட்டார். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் உள்ளே அழுத்தம் அதிகம் என்று படித்தேனே, அதில் போனால் என்ன? உண்மைதான், அவற்றில் 6,000 அடிக்குச் சமமான அழுத்தம் இருக்கும். அப்போதும் வாயு கால் பங்கு விரியும். முன் வரிசை இருக்கை, சக்கர நாற்காலி, கூடவே ஒரு செவிலியர் என்று எதைச் சேர்த்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் மாறாது. விமானம் அன்றைக்கே பட்டியலிலிருந்து நீங்கியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் மறுப்பு எதுவும் சொல்லாமல் டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

இரண்டாம் முடிவு: காத்திருப்பதா, கிளம்புவதா

குமிழ் கரையும்வரை அக்கா வீட்டிலேயே தங்குவதுதான் மருத்துவ ரீதியில் மிகவும் பாதுகாப்பானது. மருத்துவரும் முதலில் அதையே சொன்னார். ஆனால் எட்டு வாரம் என்றால் மனைவிக்கு ஏறத்தாழ 24 டயாலிசிஸ். அத்தனைக்கும் பக்கத்து வீட்டாரை நம்பி விட நோயாளிக்கு மனம் ஒப்பவில்லை. “என் கண்ணைப் பார்த்துக்கிட்டு அவளை விட்டுட முடியாதும்மா” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நோயாளியின் குடும்ப நிலையும் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே நடுவழி ஒன்றைத் தேர்ந்தோம். இரண்டாவது வாரப் பரிசோதனைவரை இங்கேயே இருப்பது. விழித்திரை நன்றாக ஒட்டியிருந்து, கண் அழுத்தமும் சீராக இருந்தால் தரைவழியாகக் கிளம்புவது. அதுவரை மகள் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, பயணத்துக்குத் திரும்பி வருவது. மகளுக்கு விமானம் தாராளமாகச் சரி.

காரில் போவதையும் யோசித்தோம். சாலை மலைக் கணவாய் வழியாகத்தான் போகிறது, நடுவில் படுக்க முடியாது. அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றாம் முடிவு: எந்த ரயில்

இந்த நிகழ்வில் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவென்று கேட்டால் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். விமானம் கூடாது என்றதும் ரயில் தானாகவே பாதுகாப்பாகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். ரயிலும் மலை ஏறும்.

உலகில் எத்தனையோ ரயில் பாதைகள் விமானத்தின் உள்ளழுத்தத்துக்கு இணையான உயரத்தைத் தொடுகின்றன. அமெரிக்காவில் ராக்கி மலையைக் கடக்கும் மோஃபாட் சுரங்கம் 2,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சிங்ஹாய்–திபெத் பாதை 5,072 மீட்டர்வரை ஏறுகிறது. ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவேகூடப் பாதைக்குப் பாதை உயரம் மாறும். சுவிட்சர்லாந்தில் பழைய கோத்தார்ட் பாதையின் உச்சி 1,151 மீட்டர். 2016-இல் திறந்த புதிய அடிவாரச் சுரங்கத்தின் உச்சியோ 549 மீட்டர்தான். டிக்கெட் எடுக்கும் இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை, கால அட்டவணையிலும் இருக்காது.

இவர்கள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. விரைவு ரயில் மலையைக் குறுக்கே கடந்து 23 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றொன்று கடற்கரையை ஒட்டியே சுற்றிப் போய், மலைத்தொடர் தாழும் இடத்தில் உள்நாட்டுக்குள் திரும்பும். தூரம் சுமார் 350 கிலோமீட்டர் கூடுதல், ஒரு ஊரில் மாறவும் வேண்டும். யாராக இருந்தாலும் விரைவு ரயிலைத்தான் எடுத்திருப்பார்கள். மகளும் முதலில் அதில்தான் இடம் பார்த்து வைத்திருந்தார்.

சில நாடுகளில் ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலேயே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நிலையங்களின் உயரத்தைப் பார்த்தால் போதும் என்று முதலில் நினைத்தோம். விரைவு ரயில் நிற்கும் ஊர்களில் மிக உயரமானது 700 மீட்டர். அதற்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவேதான் மலை. மகள் உயரக்கோடுகள் உள்ள நிலப்பட வரைபடத்தை எடுத்து, பாதையின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டே போனார். சுரங்கப்பாதையின் வாயில் 1,340 மீட்டர் என்று வந்தது. ரயில் அங்கே நிற்பதில்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

1,340 மீட்டரில் வாயு 17%க்கு மேல் விரியும். கடற்கரைப் பாதையின் உச்சி 380 மீட்டர். அங்கே சுமார் 5%, அதாவது 2.5 மில்லிக் குமிழில் 0.12 மில்லி. அந்த உயரத்துக்கு ரயில் ஏறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்ணிலிருந்து வெளியேறும் நீரே அதற்கு இடம் கொடுத்துவிடும். நல்ல வெயில் நாளுக்கும் புயல் சின்னம் நிற்கும் நாளுக்கும் நடுவே காற்றழுத்தம் ஏறக்குறைய இவ்வளவு மாறுவதுண்டு என்று மருத்துவர் சொன்னபோதுதான் மகளின் முகம் தெளிந்தது. சில நூறு மீட்டருக்கு மேல் போக வேண்டாம், அதையும் மெல்ல ஏறினால் சம்மதம் என்று மருத்துவர் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். இது இந்த நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்ன வரம்பு. மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் தங்கள் பாதையைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, ஒரே மூச்சில் போவதா, நிறுத்திப் போவதா. வழியில் அவசரக் கண் சிகிச்சை கிடைக்கும் ஊர்களைப் பட்டியல் போட்டோம். இரவு நேரத்தில் ஏழு மணி நேரம் அப்படி ஒரு ஊரும் இல்லாத நீளம் ஒன்று வந்தது. ஆகவே இரண்டு பகல்களாகப் பிரித்து, நடுவில் ரயில் மாறும் ஊரிலேயே ஓர் இரவு தங்குவது என்று முடிவானது. அங்கே பெரிய கண் மருத்துவமனை இருந்தது.

பயணம்

14-ஆம் நாள் பரிசோதனையில் விழித்திரை ஒட்டியிருந்தது. கண் அழுத்தம் 16. 10 முதல் 21 வரை இயல்பு. குமிழ் இன்னும் கண்ணில் பாதிக்கு மேல் நிரப்பியிருந்தது. 17-ஆம் நாள் கிளம்பினார்கள்.

குமிழ் கண்ணின் மேல்பகுதியில் மிதந்தாலும் நோயாளிக்கு அது கீழே இருப்பதாகத்தான் தெரியும், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால். பார்வையின் குறுக்கே ஒரு கோடு, ரசமட்டத்தில் குமிழ் ஆடுவதுபோல், தலை அசையும்போதெல்லாம் ஆடும். கோட்டுக்கு மேலே ஓரளவு தெளிவு, கீழே கலங்கல். ரயில் ஓடும்போது கோடு ஓயாமல் நடுங்கியதால் முதல் ஒரு மணி நேரம் அவருக்குக் குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்ததும் சரியானது. குமட்டல் என்பது கண் அழுத்தம் ஏறுவதற்கும் அறிகுறி என்பதால் மகள் அந்த ஒரு மணி நேரமும் வலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டும் இல்லை.

ஒரு கண் மட்டும் சரியாக வேலை செய்யும்போது ஆழம் பிடிபடாது. நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் முன்னால் ஏறி, திரும்பி நின்று, அப்பாவின் கையைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் வைத்த பிறகே அவர் காலை எடுத்து வைத்தார். கீழ்ப் படுக்கை எடுத்திருந்தார்கள். மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது. மல்லாந்தால் வாயு முன்னால் வந்து லென்ஸைத் தொட்டுக்கொண்டே இருக்கும், கண்புரை விரைவாக வரும்.

மகளின் போனில் காற்றழுத்தமானி இருந்தது. கிளம்பும்போது 1,011 ஹெக்டோபாஸ்கல். கடற்கரை நெடுக அதிலேயே நின்றது.

இரவு தங்கிய பிறகு காலையில் நிலையத்துக்குப் போனால், தண்டவாளப் பழுதுபார்ப்பு காரணமாக அன்றைய ரயில் வேறு பாதையில் திருப்பி விடப்படுகிறது என்று அறிவிப்பு. திருப்பி விட்ட பாதை மலைமேல் போகும் பழைய பாதை. சேரும் ஊர் ஒன்றுதான், தாமதமும் ஒரு மணி நேரம்தான் என்பதால் மற்ற பயணிகள் ஏறிக்கொண்டார்கள். டிக்கெட் பரிசோதகரும் ஏறச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் மகளும் ஏறவில்லை. விடுதிக்குத் திரும்பி இன்னொரு நாள் தங்கினார்கள். வீடு அரைநாள் தொலைவில் இருக்கும்போது, டிக்கெட்டும் கையில் இருக்கும்போது, ரயில் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நடைமேடையில் நிற்க மிகுந்த உறுதி வேண்டும். வரைபடத்தில் அந்தக் கோடுகளைத் தானே எண்ணிப் பார்த்திருந்ததால்தான் மகளுக்கு அது வந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் ரயில் வழக்கமான பாதையில் ஓடியது. உச்சியில் போன் 968 காட்டியது. வலி இல்லை. 19-ஆம் நாள் இரவு வீடு சேர்ந்தார்கள்.

பின்னர்

20-ஆம் நாள் சொந்த ஊர்க் கண் மருத்துவர் பார்த்தபோது அழுத்தம் 17, விழித்திரை ஒட்டியே இருந்தது. எங்கள் மருத்துவர் கொடுத்தனுப்பிய குறிப்பில் வாயுவின் பெயர், செறிவு, செலுத்திய தேதி எல்லாம் இருந்ததால் அவருக்கு எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. நோயாளி தினமும் காலையில் எதிர்ச் சுவரைப் பார்த்து அந்தக் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்து வந்தார். ஏழாவது வாரத்தில் அது சின்ன வட்டமாகி, எட்டாவது வாரத்தில் மறைந்தது. மறைந்துவிட்டது என்று தனக்குத் தோன்றுவதை மட்டும் வைத்துப் பட்டையை வெட்டாமல், மருத்துவர் பார்த்து உறுதி செய்யும்வரை காத்திருந்தார். கண்ணாடி போட்டு வலது கண்ணில் 6/12 பார்வை, அதாவது இயல்பான கண் 12 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கும் அளவு.

அதற்கடுத்த மாதம் எங்கள் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு வந்தபோது விமானத்தில்தான் வந்தார். எந்தச் சிரமமும் இல்லை. விட்ரியஸ் அகற்றியவர்களுக்கு அந்தக் கண்ணில் கண்புரை வேகமாக முற்றுவது வழக்கம். அது இவருக்கும் தொடங்கியிருக்கிறது. அதற்கான அறுவை சிகிச்சையைச் சொந்த ஊரிலேயே செய்துகொள்ளப் போகிறார்.

எதை மாற்ற வேண்டும்

பயணத்தைப் பற்றிய பேச்சு அறுவை சிகிச்சைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். நோயாளி எங்கே திரும்பிப் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம், வழியில் எவ்வளவு உயரம் என்பது தெரிந்தால் எந்த வாயு, அல்லது ஆயிலா என்று தேர்ந்தெடுக்கும்போது மருத்துவர் அதையும் சேர்த்து எடை போடலாம். இவருடைய மருத்துவரிடம் பின்னர் இதைக் கேட்டேன். கீழே கிழிசல் இருந்ததால் அப்போதும் அதே வாயுவைத்தான் தேர்ந்திருப்பேன் என்றார். ஆனால் மேலே மட்டும் கிழிசல் உள்ள ஒருவருக்கு அந்தப் பதில் மாறலாம், எட்டு வாரம் இரண்டு வாரமாகக் குறையலாம். இவருக்கேகூட, முன்பே தெரிந்திருந்தால் மனைவிக்கான ஏற்பாட்டை முதல் நாளே தொடங்கியிருக்க முடியும். காப்பீட்டு நிறுவனமும் விமானம் பார்த்திருக்காது.

கைப்பட்டையில் விமானம் கூடாது என்று இருக்கிறதே தவிர, உயரமான இடத்துக்குப் போகக் கூடாது என்று இல்லை. மலைச்சாலையும் மலை ரயிலும் அதில் அடங்கும் என்பது அதைப் படிப்பவருக்குத் தோன்ற வாய்ப்பில்லை. பட்டையில் இடம் குறைவுதான். டிஸ்சார்ஜ் தாளில் அந்தக் குறை கிடையாது.

விமான நிறுவனத்தை அழைக்கும் நோயாளிகள் ‘கண் அறுவை சிகிச்சை’ என்று மட்டும் சொல்லாமல் ‘கண்ணுக்குள் வாயு இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும் என இப்போது எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறோம். அப்படிச் சொன்னால் கேள்வி அவர்களுடைய மருத்துவப் பிரிவுக்குப் போகும், சரியான பதில் வரும்.

அனுமதிப் படிவத்தில் முகவரிக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம்: ‘சிகிச்சைக்குப் பிறகு எந்த ஊருக்குப் போகிறீர்கள்?’, ‘எதில், எந்த வழியாக?’ விழித்திரை அறுவை சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் செவிலியர் அதைக் கேட்டு நிரப்பிய பிறகே கோப்பு மருத்துவரிடம் போகிறது.